வலது பக்கத்து இரும்பு

போபால்,
4.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அபி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீ, அண்ணி, குட்டி எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

நேற்று உனக்குப் போன் செய்து பதினோரு நிமிடம் கத்தினேன். நான் "கல்லு வந்துச்சு" என்றால் நீ "பல்லு வலிக்குதா?" என்கிறாய். விடுதியில் பக்கத்து அறைப் பெண்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். பதினெட்டு வருடம் குவாரியில் வெடிச் சத்தம் கேட்ட காதோடு இனிமேல் போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கல் பெட்டிக்குள் நீ கடிதம் வைக்கிறாய் அல்லவா, அதுவே போதும். நானும் தபாலில் எழுதுகிறேன்.

மூன்று இடத்துக் கல்லும் வந்து சேர்ந்தன. மொத்தம் ஒன்பது. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அண்ணியின் பழைய புடவையில் சுற்றி அனுப்பியதைப் பார்த்து எங்கள் டெக்னீஷியன் ஆனந்தகுமார், "கல்லுக்குக் கல்யாணமா?" என்று கேட்டார்.

"அந்தக் கல்லை வெச்சுக்கினு என்னம்மா பண்றே?" என்று நான் பொங்கலுக்கு வந்தபோது கேட்டாய். நான் சொன்னது உன் காதில் விழுந்ததா என்று தெரியாது, அதனால் எழுதுகிறேன். திருமுக்கூடல் பக்கத்துக் குவாரியில், வெளிறிய பாறைக்கு நடுவே சுவர் மாதிரி ஓடும் கறுப்புப் பட்டை இருக்கிறதே, அது ஒரு காலத்தில் குழம்பாக மேலே வந்தது. ஆறி இறுகும்போது அன்றைக்கு எது வடக்கோ அதைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொண்டது. நூற்று எழுபது கோடி வருடமோ, அதற்கும் மேலோ. அந்தத் திசையைப் படித்தால் நம் காஞ்சிபுரம் அப்போது பூமியில் எந்த இடத்தில் இருந்தது என்று சொல்லலாம். அதைப் படிக்கிற இடம்தான் எங்கள் ஆய்வுக்கூடம். உள்ளே வெளிக் காந்தம் புகாத ஓர் அறை. தலை ஊசி, கைக்கடிகாரம், போன், செருப்பு எல்லாவற்றையும் வெளியே தட்டில் வைத்துவிட்டு வெறும் ஆளாகத்தான் உள்ளே போகவேண்டும்.

நானே வந்து எடுத்திருப்பேன். ஆனால் கல்லைச் சூடுபண்ணும் அடுப்பு ஒன்றரை வருடம் பழுதாகிக் கிடந்து இப்போதுதான் சரியாகியிருக்கிறது. நான் நகர்ந்தால் என் முறையை வேறு ஆள் பிடித்துக்கொள்வார்கள். என் பிஎச்.டி. பதிவு அடுத்த பிப்ரவரி 28-ஆம் தேதியோடு முடிகிறது. இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது என்று என் வழிகாட்டி கமலாட்சி மேடம் சொல்லிவிட்டார். இந்தக் கற்கள்தான் என் கடைசி அத்தியாயம். அது இல்லாவிட்டால் ஆறு வருடமும் வீண்.

அதனால் மறுபடி சொல்கிறேன். கல்லை உடைப்பதற்கு முன்னால் அளக்கவேண்டும். மட்டமான முகத்தில் அம்புக்குறி போடு, எப்போதும் உன் நெஞ்சிலிருந்து எதிர்ப்பக்கமாக. திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்து அந்த அம்பு எத்தனை டிகிரி என்று எழுது. இரும்பு எதுவும் கிட்டே இருக்கக்கூடாது. வெயில் இருந்தால் குச்சி நிறுத்தி, நிழல் விழுகிற கோட்டையும் நேரத்தையும் குறித்துவை.

அண்ணிக்கும் குட்டிக்கும் என் அன்பு.

உன் தங்கை,
அபிநயா

பெரிய காஞ்சிபுரம்,
21.3.2024

அன்புத் தங்கை அபிக்கு,

அண்ணன் கலைவாணன் எழுதுவது. முதலில் நான் நலம். அப்புறம் உன் அண்ணி துர்கா நலம், குட்டி நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். போன தடவை வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது என்று துர்கா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பல் வலி இல்லை என்று தெரிந்து சந்தோஷம்.

நீ சொன்னபடிதான் செய்கிறேன். சரத்குமார் ஆட்டோவை நூறு அடி தள்ளி நிறுத்துகிறான். சுத்தியல் பத்தடி தள்ளி. போன், சாவிக்கொத்து, பேனாக்கத்தி, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் திசைகாட்டியைத் தொடுகிறேன். பெல்ட் இல்லாமல் ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் டிகிரி பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று உன் மேடத்திடம் சொல். சரத்குமார் சிரித்துச் சிரித்து, "அண்ணே, உன் தங்கச்சி கல்லுக்கு ஜாதகம் எழுதுது, நீ ஜோசியக்காரன் மாதிரி குந்திக்கினு கீறே" என்கிறான்.

நிழலுக்குத் துடைப்பக் குச்சி வைக்கிறேன். அதில் இரும்பு இல்லை என்று துர்கா உறுதி சொன்னாள்.

வெளிறிய பாறையில் அந்தக் கறுப்புப் பட்டை ஓடுவதைப் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். லோடுக்கு ஆகாத கல் என்று ஒதுக்கித் தள்ளுவோம். அதற்குள் இத்தனை கதை இருக்கிறது என்று நீ சொன்னபிறகு வெடி வைக்கும்போது கை கொஞ்சம் யோசிக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
அண்ணன் கலைவாணன்

போபால்,
20.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உங்கள் மூவரின் நலத்தையும் எழுது. இங்கே வெயில் நாற்பத்து நாலு. காந்த அறையில் மட்டும்தான் ஏசி இருப்பதால் நான் அங்கேயே குடியிருக்கிறேன்.

அண்ணா, மூன்று இடத்துக் கல்லும் ஒரே திசையைக் காட்டுகின்றன! நாலைந்து டிகிரி முன்னே பின்னே, அவ்வளவுதான். மேடம் வரைபடத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் எடுத்தது?" என்று கேட்டார். "என் அண்ணன்" என்றேன். "நம் மாணவர்களுக்கு அவரையே வகுப்பெடுக்கச் சொல்லலாம்" என்றார். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து நான் பார்த்தது இது இரண்டாவது தடவை.

ஆனால் மூன்று இடம் போதாது. குறைந்தது ஏழு வேண்டும். முக்கியமாக நாலாவது இடம், குவாரியின் கீழ்த்தட்டு. பட்டை அங்கேதான் அகலமாக, வெயில் மழை படாமல் இருக்கிறது. மழை பிடித்தால் கீழ்த்தட்டு குளமாகிவிடும், அப்புறம் ஜனவரி வரை எடுக்கமுடியாது. ஜனவரியில் எடுத்து, அறுத்து, சூடுபண்ணி, பிப்ரவரிக்குள் எழுதமுடியாது. அதனால் உடனே போ. தயவுசெய்து உடனே. அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன், பார்.

அண்ணியிடம் சொல், இந்த ஒரு தடவை மட்டும் உன்னைத் தொல்லை செய்கிறேன் என்று.

அன்புடன்,
அபி

பெரிய காஞ்சிபுரம்,
9.6.2024

அன்புத் தங்கை அபிக்கு,

நான் நலம். அண்ணி நலம். குட்டிக்குக் காய்ச்சல் வந்து போய் இப்போது நலம்.

கீழ்த்தட்டைப் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் மேலே ஒரு பெரிய கல் பாறையிலிருந்து விட்டுக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் விழும்போல நிற்கிறது. கீழே வேலையை நிறுத்திவைத்திருக்கிறோம். மேல்தட்டில் அதே பட்டையில் எடுத்தால் ஆகாதா? ஆகாது என்பாய். தெரியும்.

சனிக்கிழமை போகிறேன்.

அண்ணன்

போபால்,
2.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? ஏழு வாரமாக இதற்குப் பதில் இல்லை.

பெட்டியும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அண்ணிக்கு நாலு தடவை போன் செய்தேன். "அவரு ஊர்ல இல்லம்மா, வேலையா வெளிய போயிக்கினு இருக்காரு" என்கிறார். எந்த ஊர் என்றால் "தெரியலியே" என்கிறார். புருஷன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாத பொண்டாட்டி உண்டா? என்மேல் ஏதாவது கோபமா? பொங்கலுக்கு வந்தபோது அப்பாவின் சைக்கிளைக் குட்டிக்குக் கொடுக்கவேண்டாம் என்று சொன்னேனே, அதுவா? அந்தச் சைக்கிளைத் தாராளமாகக் கொடு. எனக்குக் கல் வேண்டும்.

அடுப்பு என் பெயரில் ஆகஸ்ட் முழுக்கப் பதிவாகியிருந்தது. உள்ளே வைக்க ஒன்றும் இல்லை. நேற்று வேறொரு பெண் அவளுடைய ஆய்வுச் செங்கற்களை அதில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதில் போடு.

அபி

போபால்,
10.9.2024

அண்ணனுக்கு,

எல்லாரும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன், வேறு வழியில்லாததால்.

"முடியாது" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் வேறு ஆளைப் பார்த்திருப்பேன். போகிறேன் என்று எழுதிவிட்டு மூன்று மாதம் மௌனமாக இருப்பதற்கு என்ன பெயர்? கமலாட்சி மேடம் இன்று மற்ற மாணவர்கள் முன்னால் கேட்டார், "அண்ணன் என்ன ஆனார்?" என்று. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அபிநயா

பெரிய காஞ்சிபுரம்,
24.10.2024

அன்புத் தங்கை அபிக்கு,

உன் அண்ணி நலம். குட்டி நலம், இரண்டாம் வகுப்பு போகிறாள். பக்கத்து வீட்டு நாய் நாலு குட்டி போட்டது, அவையும் நலம்.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. உன் கோபம் நியாயம்தான். எனக்கு எழுதத் தோதுப்படவில்லை. குவாரி வேலையை விட்டுவிட்டேன். இப்போது லாரி எடை போடும் மேடையில் இருக்கிறேன். உட்கார்ந்த வேலை. மின்விசிறி உண்டு.

நாலு இடமும் அடுத்த மாதம் எடுத்து அனுப்பிவிடுகிறேன். நாலாவது இடத்தை மேல்தட்டிலேயே எடுக்கிறேன். அதைப் பற்றி வாதம் செய்யாதே.

தீபாவளிக்கு வரலாமா என்று அண்ணியிடம் கேட்டாயாம். ரயில் கூட்டத்தில் அலையாதே. அங்கேயே இருந்து வேலையைப் பார். முறுக்கு பெட்டியில் வரும்.

ஆசிகளுடன்,
கலைவாணன்

பெரிய காஞ்சிபுரம்,
5.12.2024

அன்புத் தங்கை அபிக்கு,

வீட்டில் நலம். அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள், கம்பளி போட்டுக்கொள்.

நாலு இடம், பன்னிரண்டு கல். ஏழு நாள் ஆயிற்று. முன்பு ஒரு நாளில் மூன்று இடம் முடிப்பேன், இப்போது அப்படி இல்லை, வேலை மாறியதில் பழக்கம் விட்டுப்போயிற்று. எல்லாக் கல்லிலும் நிழல் கோடும் நேரமும் இருக்கின்றன. மேகம் வந்தால் காத்திருந்து போட்டேன். நோட்டுப் புத்தகம் முறுக்குக்கு அடியில் இருக்கிறது.

உனக்குத் தேவையான நேரத்தில் அனுப்பமுடியவில்லை. மன்னித்துக்கொள்.

அண்ணன்

போபால்,
8.1.2025

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்.

இருபது நாள் இராப்பகலாக அடுப்பும் அறையுமாகக் கிடந்தேன். ஐந்நூற்று எண்பது டிகிரி வரை படிப்படியாகச் சூடேற்றி ஒவ்வொரு கல்லையும் படித்தேன். நேற்று எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டேன். குப்பை. ஒரு கல் பதினெட்டு டிகிரி கிழக்கே போகிறது. அதே இடத்தில் எடுத்த இன்னொரு கல் பதினாறு டிகிரி மேற்கே போகிறது. ஒன்று மட்டும் சரியாக இருக்கிறது. ஒரே பட்டையில், ஒரு கை அகலத்தில் எடுத்த கற்கள்! கல் இப்படிச் செய்யாது. அளந்த ஆள்தான் செய்யமுடியும்.

மேடம் பார்த்துவிட்டு, "இது அதே அண்ணன்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "யாரையோ அனுப்பி ஒப்பேற்றியிருக்கிறார்" என்றார். நான் உனக்காகப் பேசவில்லை. பேச என்னிடம் என்ன இருக்கிறது?

உண்மையைச் சொல். ஆட்டோவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாயா? சுத்தியலைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாயா? உட்கார்ந்த வேலை கிடைத்ததும் உடம்பு வணங்கவில்லையா? பத்து நிமிடம் காலை மடக்கிக் குந்தி ஒழுங்காக அளக்க முடியாத அளவுக்கா சுகம் வந்துவிட்டது? போன வருடம் எனக்காகப் பேண்டைப் பிடித்துக்கொண்டு அளந்த அண்ணன் எங்கே போனான்?

இன்னும் ஐம்பத்தோரு நாள் இருக்கிறது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அபிநயா

பெரிய காஞ்சிபுரம்,
19.1.2025

அபிக்கு,

அண்ணியும் குட்டியும் நலம். பொங்கல் வைத்தோம்.

நான் யாரையும் அனுப்பவில்லை. பன்னிரண்டையும் நானேதான் அளந்தேன். சரத்குமார் திசைகாட்டியைத் தொட்டதுகூட இல்லை. ஆட்டோ நூறு அடிக்கு அப்பால் நின்றது. சுத்தியல் பத்தடி. போன், சாவி, கத்தி, பெல்ட் எல்லாம் அவனிடம். அரைஞாணில் கோர்த்திருந்த சின்ன ஊக்கைக்கூடக் கழற்றினேன். என்மேல் இரும்பு என்று ஒன்றும் இல்லை. குட்டிமேல் சத்தியம்.

உன் மேடம் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். நீ அப்படி நினைத்ததில்தான் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

திசைகாட்டி கெட்டுப்போயிருக்கலாம், எனக்குத் தெரியாது. நிழல் கோட்டைப் பார்த்தாயா? அதை யாரும் கெடுத்திருக்கமுடியாது. அதுவும் உதவாது என்றால் மறுபடி போய் எடுக்கிறேன். பன்னிரண்டையும்.

கலைவாணன்

போபால்,
1.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமா? இந்தத் தடவை பேச்சுக்குக் கேட்கவில்லை.

நிழல் கோட்டைப் பார்த்தேன். கோபத்தில் அதுவரை பார்க்கவே இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நீ எழுதிய நேரத்துக்கு அந்த நாளில் காஞ்சிபுரத்தில் சூரியன் எந்தத் திசையில் இருந்தது என்று கணக்குப் போட்டு, அதிலிருந்து ஒவ்வோர் அம்பின் உண்மையான திசையை எடுத்தேன். பன்னிரண்டு கல்லும் வரிசைக்கு வந்துவிட்டன. முதல் ஒன்பதோடு சேர்ந்து ஒரே இடத்தில் விழுகின்றன. அத்தியாயம் பிழைத்தது. நான் பிழைத்தேன். துடைப்பக் குச்சிக்கு ஒரு கும்பிடு.

இங்கே நிறுத்தியிருக்கலாம். மேடம் நிறுத்தச் சொன்னார். ஆனால் நீ குட்டிமேல் சத்தியம் செய்திருந்தாய். அப்படியானால் திசைகாட்டி ஏன் பொய் சொன்னது? எனக்குத் தூக்கம் வரவில்லை. சூரியன் சொன்ன திசைக்கும் திசைகாட்டி சொன்ன திசைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாகப் படம் போட்டேன். அம்புக்குறியை எப்போதும் உன் நெஞ்சிலிருந்து எதிரே போடுகிறாய் அல்லவா? அதனால் ஒவ்வொரு கல்லுக்கும் நீ எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாய் என்று எனக்குத் தெரியும்.

நீ வடக்கே பார்த்து உட்கார்ந்தபோதெல்லாம் முள் கிழக்கே இழுபட்டிருக்கிறது. தெற்கே பார்த்து உட்கார்ந்தபோது மேற்கே இழுபட்டிருக்கிறது. கிழக்கேயோ மேற்கேயோ பார்த்தபோது பிழையே இல்லை. ஆட்டோ என்றால் ஒரே பக்கமாக இழுக்கும். பாறை என்றால் நீ திரும்புவதைப் பற்றிக் கவலைப்படாது. கெட்டுப்போன திசைகாட்டியும் இப்படிக் கணக்காகக் கெட்டுப்போகாது. இந்த இரும்பு நீ திரும்பினால் கூடவே திரும்புகிறது. எப்போதும் உன் வலது பக்கத்தில் இருக்கிறது. கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில், தரையோடு தரையாக. மார்ச்சில் வந்த கற்களை அளந்தபோது அது இல்லை. நவம்பரில் இருக்கிறது.

அப்புறம் உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். ஜூன் வரை "நான் நலம்" என்றுதான் ஆரம்பிப்பாய். அக்டோபரில் அண்ணி நலம், குட்டி நலம், நாய்க்குட்டி நலம். டிசம்பரில் வீடு நலம். ஜனவரியில் பொங்கல். நீ ஒரு பொய்யும் எழுதவில்லை. உன்னை மட்டும் விட்டுவிட்டு எழுதியிருக்கிறாய். நாய்க்குட்டியைப் படித்து நான் சிரித்தேன், அண்ணா. சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

நேற்று அண்ணிக்குப் போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டேன், "அண்ணனுக்கு வலது பக்கம் என்ன?" என்று. அண்ணி போனை வைக்கவில்லை. அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், "நான் சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்கு குடுத்துகீறேன்மா" என்றார்.

நீ சொல். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருக்கிறது. காலை மடக்கிக் குந்த முடியாதா என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அபி

பெரிய காஞ்சிபுரம்,
10.2.2025

அன்புத் தங்கை அபிக்கு,

அண்ணன் எழுதுவது. உன் அத்தியாயம் பிழைத்ததைத் துர்காவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். குட்டி கைதட்டினாள்.

ஜூன் 15, சனிக்கிழமை. கீழ்த்தட்டில் அம்பு போட்டு, டிகிரி எழுதி முடித்துவிட்டேன். சுத்தியல் பத்தடி தள்ளி இருந்தது. அதை எடுக்கப் பாதி எழுந்தபோது மேலே விட்டுக்கொண்டு நின்ற கல் இறங்கிவிட்டது. சரத்குமார் கத்தியிருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை. வலது பாதமும் கெண்டைக்காலும் அடியில். ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு முகாமில் செயற்கைக் கால் கொடுத்தார்கள். வெளியே பார்க்கத் தோல் நிறத்தில் ரப்பர். உள்ளே ஒரு குழாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குட்டியின் விளையாட்டுக் காந்தத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் மே மாதக் கடிதத்தில் "உடனே" என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தாய். தெரிந்தால் நீ அந்தக் கோட்டையேதான் பார்த்துக்கொண்டு இருப்பாய், கல்லைப் பார்க்கமாட்டாய். விட்டுக்கொண்டு நிற்கிற கல் என்று தெரிந்தும் போனது நான். பதினெட்டு வருடம் ஆட்களை அதற்குக் கீழே போகாதே என்று விரட்டியவன் நான். இதில் உன் கோட்டுக்குப் பங்கு இல்லை என்று சொன்னால் நம்பமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன்.

கோபமே வரவில்லை என்றும் சொல்லமாட்டேன். ஆகஸ்டில் உன் கடிதம் வந்தபோது கட்டோடு படுத்திருந்தேன். "எனக்குக் கல் வேண்டும்" என்ற வரியைப் படித்துவிட்டு இரண்டாகக் கிழித்துப் போட்டேன். துர்கா எடுத்து ஒட்டிவைத்தாள். ஜனவரிக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதைப் படித்ததும் எனக்கு என்மேல்தான் எரிச்சல் வந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் ஏன் தப்பாயிற்று என்று.

அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, அபி. போனைக் கழற்றினேன், பெல்ட்டைக் கழற்றினேன், அரைஞாண் ஊக்கைக்கூடக் கழற்றினேன். மடக்க வராத காலை வலது பக்கம் நீட்டிப் போட்டுக்கொண்டு, அதன் பக்கத்திலேயே திசைகாட்டியை வைத்து, ஏழு நாள் அளந்தேன். காலைக் கழற்றவேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அது இரும்பு என்றே நினைக்கவில்லை. கால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ வரும்போது அழுதுகொண்டு வராதே. எழுதிக் கொடுத்துவிட்டு வா.

ஆய்வில் இதை எழுதவேண்டியிருந்தால், அளந்தவர் பக்கத்தில் இரும்பு இருந்தது, சூரியனை வைத்துத் திருத்தினோம் என்று மட்டும் எழுது. அது போதும்.

இந்தப் பெட்டியில் ஒரே ஒரு கல். கீழ்த்தட்டுக் கல். அம்பு போட்டிருந்தேன் அல்லவா, மேலே இருந்து விழுந்த கல்லே அதை உடைத்தும் கொடுத்துவிட்டது. சரத்குமார் ஆகஸ்டில், கீழே தண்ணீர் தேங்குவதற்குள், போய்த் தேடி எடுத்துவந்தான். இத்தனை நாள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. நீ கேட்ட நாலாவது இடம். மேகம் மூடியிருந்ததால் நிழல் கோடு இல்லை, திசைகாட்டிக் கணக்கு மட்டும்தான். ஆனால் நம்பலாம்.

நான் நலம்.

அண்ணன்,
கலைவாணன்

நோட்டுப் புத்தகத்தில் விட்டுப்போன பக்கத்தை இங்கே எழுதுகிறேன்:

இடம் 4, கீழ்த்தட்டு. 15.6.2024, காலை 9.40. வடக்கே பார்த்துக் குந்தி அளந்தது. அம்பு 6 டிகிரி. ஆட்டோ நூறு அடி. சுத்தியல் பத்தடி. வலது பக்கம் இரும்பு இல்லை.